பின்பக்கம் வாசிக்கப்படாத ஒரு பிரதி

நூல்களை விமர்சிக்கும் இந்தப் பக்கங்களில் இம்முறை நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒற்றைத் தாளில் அமைந்த ஒரு பிரதி. ஆசிரியர் பெயர் கிடையாது. ஆனால் நமது கவிதைத் தொகுதிகளை விட அதிகம் பேர் இதைக் கையிலெடுத்திருக்கிறார்கள். வாசிக்காமலேயே கையொப்பமும் இட்டிருக்கிறார்கள். திருகோணமலைத் துறைமுகத்துக்கு அண்மையிலுள்ள ஒரு கடையில் எனக்குத் தரப்பட்ட சலுகை அட்டை விண்ணப்பப் படிவத்தையே சொல்கிறேன்.

முன்பக்கம் மூன்று மொழிகளிலும் இருக்கிறது. பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம், குடும்ப அங்கத்தவர் தொகை, 'கொண்டாடும் பண்டிகை'. கடைசிக் கேள்வியின் சொற்றெரிவைக் கவனியுங்கள். சமயம் எது என்று கேட்டால் நாம் நிமிர்ந்து பார்ப்போம். பண்டிகை எது என்றால் வாழ்த்து வரப்போகிறது என்று மகிழ்ந்து எழுதிவிடுகிறோம். பின்பக்கத்தில் ஆங்கிலம் மட்டும்தான், அதுவும் எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில். வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுப் பார்த்தேன். விபரங்களை 'வியாபாரப் பங்காளர்களுடன்' பகிர்ந்துகொள்ளலாம் என்றிருந்தது. கேட்பதைத் தமிழில் கேட்டுவிட்டு, செய்யப்போவதை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லும் உத்தி இது.

அடையாள அட்டை இலக்கம் வெறும் எண் அல்ல. 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்ணென்றால் அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். பத்து ரூபாய் கழிவுக்காக ஒரு சிறு வாழ்க்கைக் குறிப்பையே எழுதிக் கொடுத்து வருகிறோம்.

"நம்மிடம் மறைக்க என்ன இருக்கு?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 1983 ஜூலையில் கொழும்பில் வீடு வீடாகப் போனவர்கள் சிலரின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. வாக்களிப்பதற்காகப் பெயர் கொடுத்தவர்கள் எதையும் மறைத்திருக்கவில்லை. ஒரு காரியத்துக்காகக் கொடுத்த பெயர் வேறொரு காரியத்துக்குப் போனதுதான் அங்கே நடந்தது. இந்த விடயத்தின் உயிர்நிலை அதுவே.

ஆனாலும் நமது மக்களை மட்டும் குறைசொல்ல எனக்கு மனமில்லை. 2006 ஓகஸ்டில் மூதூரிலிருந்து கந்தளாய் நோக்கி நடந்தவர்களுக்குப் பட்டியல் என்பது சோறு. பெயர் பதியாதவருக்கு அரிசியும் இல்லை, கூடாரமும் இல்லை. சுனாமிக்குப் பிறகும் அப்படித்தான். படிவத்தைக் கண்டதும் பேனை தேடும் கை, பசியில் பழகிய கை. கடைக்காரர்கள் அந்தப் பழக்கத்தின் மேல்தான் தமது கணக்கைக் கட்டுகிறார்கள்.

அக்காலத்துக் கடை முதலாளிகளுக்கும் நம்மைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது. யார் வீட்டில் நோயாளி, யாருக்கு மாதக் கடைசியில் கையிருப்பு இல்லை என்பதெல்லாம் கடன் கொப்பியில் இருந்தது. ஆனால் அந்தக் கொப்பி கல்லாப்பெட்டிக்குக் கீழேயே கிடந்தது. முதலாளியும் ஜும்ஆவில் நம் பக்கத்து ஸஃபில் நின்றார். நம் செய்தி அவரிடம் அமானிதமாக இருந்தது. அவர் அதை மீறினால் முகத்துக்கு நேரே கேட்கலாம். இன்றைய தரவுத் தரகருக்கு முகமில்லை. 2014இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு ஒன்பது தரகு நிறுவனங்களை ஆராய்ந்தது. அவற்றில் ஒன்றிடம் மட்டும் அநேகமாக ஒவ்வொரு அமெரிக்க நுகர்வோரையும் பற்றி 3,000 வகையான தரவுக் கூறுகள் இருந்ததாக அது அறிக்கையிட்டது.

அது தூரத்துக் கதை என்பவருக்கு ஒன்று சொல்கிறேன். தொழுகை நேரமும் கிப்லாத் திசையும் காட்டும் 'முஸ்லிம் புரோ' செயலி உலகெங்கும் 9 கோடிக்கும் அதிகமான தடவைகள் பதிவிறக்கப்பட்டது. அதைப் பாவித்தவர்களின் இருப்பிடத் தரவு 'எக்ஸ்-மோட்' என்ற தரகு நிறுவனத்துக்குப் போனதையும், அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க இராணுவ ஒப்பந்தக்காரர்கள் இருந்ததையும் 2020 நவம்பரில் 'மதர்போர்ட்' இதழ் வெளிப்படுத்தியது. செயலியை நடத்தியவர்கள் உடனே அந்த உறவை முறித்துக்கொண்டார்கள். 2024 ஜனவரியில் எக்ஸ்-மோட்டின் வாரிசு நிறுவனம் வழிபாட்டிடங்கள் போன்ற நுண்ணிய இடங்களின் தரவை விற்பதற்கு அந்த ஆணைக்குழு தடை கொண்டுவந்தது. கிப்லா எந்தப் பக்கம் என்று நாம் கேட்டோம். நாம் எங்கே நிற்கிறோம் என்பதை வேறு யாரோ விலைக்கு வாங்கினார்கள்.

நமது நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஆள்சார் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சமய நம்பிக்கை, இனம், உடல்நலம் பற்றிய விபரங்களை அது விசேட வகையாகக் கொள்கிறது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் பிரதான பகுதிகள் பிற்போடப்பட்டன. அதே ஆண்டில் சட்டமும் திருத்தப்பட்டது. நல்ல சட்டம்தான். ஆனால் பண்டிகை என்ற சொல்லுக்குள் சமயம் ஒளிந்திருப்பதைச் சட்டம் வந்து நமக்கு வாசித்துக் காட்டாது.

இங்கேதான் நம் இலக்கியத்தின் மீது எனக்கு மனக்குறை. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டி நடுங்கிய கையை நமது கதைகளும் கவிதைகளும் நிறையவே எழுதியிருக்கின்றன. அதே அட்டையைக் காசாளர் மேசையில் சிரித்துக்கொண்டே நீட்டும் கை எழுதப்பட்டு நான் வாசித்ததில்லை. துப்பாக்கி தெரியும்போது நமக்குப் பிரதி தெரிகிறது. கழிவு தெரியும்போது தெரிவதில்லை. இருபது வருடமாக விமர்சனம் எழுதும் நானும் இப்படி எத்தனையோ தாள்களில் கையொப்பமிட்டவன்தான்.

மறுநாள் படிவத்தோடு திரும்பவும் போனேன். அடையாள அட்டை இலக்கமும் பண்டிகையும் எழுதாமல் விட்டால் ஆகாதா என்று கேட்டேன். கவுண்டரில் நின்ற பிள்ளை முகாமையாளரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

"பரவாயில்ல சேர், பேரும் போன் நம்பரும் மட்டும் போதுமாம்."

அப்படியென்றால் மற்றதெல்லாம் ஏன் கேட்டிருக்கிறது என்றேன்.

"தெரியல்ல சேர். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."