தும்மலுக்கு ஒரு மதிப்பெண்

அடுத்தடுத்துத் தும்மினால் ஒன்று. கொட்டாவிக்கு ஒன்று. கீச்சுக்குரலில் ஓயாமல் அழுதால் மூன்று. வலிப்பு வந்துவிட்டால் ஐந்து. கருவில் இருந்தவரை தாயின் ரத்தம் வழியே ஹெராயினோ மெத்தடோனோ கிடைத்துவந்து, தொப்புள்கொடியை வெட்டியதும் அது சட்டென்று நின்றுபோன சிசுவுக்கு, அமெரிக்க மருத்துவர் லொரெட்டா ஃபின்னகன் 1975இல் வகுத்த கணக்கு இது. மொத்தம் 21 வரிகள். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கூட்டிப் பார்ப்பார்கள். தொடர்ந்து மூன்று தடவை எட்டைத் தொட்டால் வாய்வழி மார்பின் சொட்டு மருந்து.

இந்தக் கணக்கை இன்று குறை சொல்வது சுலபம். அது வருவதற்கு முன்பு, அதே குழந்தை பகல் நர்ஸுக்குச் 'சிணுங்கல்', இரவு நர்ஸுக்கு 'ஆபத்து'. டூட்டி மாறினால் வைத்தியமும் மாறும் என்ற நிலையை ஒரே தாளில் எழுதும் பழக்கம் ஓரளவு கட்டுப்படுத்தியது. நடுக்கம், வயிற்றுப்போக்கு, ஓயாமல் காலை உரசி உரசிச் சிவந்துபோன குதிகால் என்று பார்க்க வேண்டிய இடங்களையும் சொல்லிக்கொடுத்தது.

ஆனால் கணக்குப் போட வேண்டுமென்றால் தூங்குகிற குழந்தையை எழுப்ப வேண்டும், சுற்றிய துணியை அவிழ்க்க வேண்டும். அது வீறிட்டு அழும், மதிப்பெண் ஏறும், மருந்து ஏறும். தாயை வெளியே நிறுத்திவிட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளிச்சத்திலும் மானிட்டர் சத்தத்திலும் கிடத்திய குழந்தை எதனால் அழுகிறது என்பதைத் தாள் கேட்பதில்லை. அழும் குழந்தையை மருந்தால் அடக்குவது பழைய பழக்கம். 1920களில் பம்பாய் மில் தொழிலாளர் குடியிருப்புகளில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைக்கு அபினி கொடுத்துத் தூங்கவைத்த வழக்கம் பதிவாகியிருக்கிறது. எட்டு வந்ததும் நீளும் சொட்டு மருந்து தேவையான சிகிச்சைதான். ஆனாலும் குழந்தை அமைதியானால் போதும் என்ற அவசரம் வார்டுக்கும் புதிதல்ல.

அமெரிக்காவின் யேல் மருத்துவமனையில் டாக்டர் மேத்யூ கிராஸ்மனின் குழு வேறு வழியில் யோசித்தது. மூன்றே கேள்விகள்: ஒழுங்காகப் பால் குடிக்கிறதா, ஒரு மணி நேரமாவது தூங்குகிறதா, அழுதால் பத்து நிமிடத்தில் தேற்ற முடிகிறதா? முதல் மருந்து தாயின் மடி, தாய்ப்பால், மங்கிய வெளிச்சம். இவை போதாதபோதுதான் மார்பின். 26 அமெரிக்க மருத்துவமனைகளில், 1,305 குழந்தைகளிடம் இதைச் சோதித்த ஆய்வு 2023இல் வந்தது. வீட்டுக்கு அனுப்பத் தயாராகும் காலம் 14.9 நாளிலிருந்து 8.2 நாளாகக் குறைந்தது. மருந்து தேவைப்பட்டவர்கள் 52 சதவீதத்திலிருந்து 19.5 சதவீதம் ஆனார்கள். நம்மூர்ப் பாட்டிகள் கேட்டால், 'இதுக்கா இவ்வளவு படிப்பு?' என்பார்கள். மடியும் தூளியும் அவர்களுக்குத் தெரியும். எப்போது அவை போதாமல் போகும் என்பதைத்தான் இந்த முறை வரையறுத்தது.

நான் புதிய முறையின் பக்கம்தான். ஆனால் அதை அப்படியே பெங்களூருக்குத் தூக்கிவர முடியாது.

அங்குள்ள பிரேசர் டவுனை எடுத்துக்கொள்வோம். தமிழும் உருதும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் பேட்டை. மாஸ்க் ரோட்டுக்கு அந்தப் பெயர் வரக் காரணமான மசூதி ஹாஜி சர் இஸ்மாயில் சேட் பெயரில் இருக்கிறது. பக்கத்துச் சிவாஜிநகர் கோஷா ஆஸ்பத்திரியும் அவர் பெயரில்தான். பர்தா முறையில் வாழ்ந்த பெண்களின் மறைவைக் காக்கவென்றே எழுந்த பிரசவ ஆஸ்பத்திரி அது. இன்றைக்குப் பல பிரசவ வார்டுகளில் கிடைக்காதது அந்த மறைவுதான். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே திரை இல்லாத இடத்தில், மாமியார் தலைமாட்டில் நிற்க, "மாத்திரை ஏதாச்சும் போடுவியாம்மா? ஊசி?" என்று கேட்டால் எந்தப் பெண் ஆமாம் என்பாள்? பழையது, புதியது என இரண்டு முறைகளுக்கும் அடித்தளம் தாய் சொல்லும் அந்த ஒரு பதில். அது தெரியாவிட்டால் நடுங்கும் குழந்தைக்குச் சர்க்கரைக் குறைவா, கால்சியம் குறைவா, கிருமித்தொற்றா என்று தேடுவார்கள். தேடத்தான் வேண்டும்; ஆனால் காரணம் அங்கே இருக்காது. பிறந்ததும் மூச்சு மந்தமென்று, அபினி வகைப் பொருளின் விளைவை முறிக்கும் நலாக்ஸோன் போட்டுவிட்டால் வலிப்பே வரலாம்.

அடுத்தது புகையிலை. தேசியக் கணக்கெடுப்பின்படி (2016-17) இந்தியப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் புகைக்காத வகைப் புகையிலையைப் பயன்படுத்தினார்கள். மும்பையில் 1,217 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2004இல் வெளியான ஆய்வில், அப்படிப்பட்டவர்களின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்தே பிறந்தன. ஃபின்னகன் தாளும் யேல் கேள்விகளும் அபினி வகைப் பொருள்களுக்காக உருவானவை. ஜர்தாவின் சின்ன நடுக்கத்தையோ, மது கருவில் விட்டுப்போகும் நீண்டகாலச் சேதத்தையோ இவற்றால் அளக்க முடியாது.

நமக்குச் சாதகமானதும் உண்டு. தாயையும் சேயையும் ஒரே படுக்கையில் விடுவது நம் வார்டுகளில் வழக்கம். குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு முறையும் பழகிப்போனது. மனநலம் குன்றிய தாய்க்குச் சிகிச்சை தரும்போதே குழந்தையையும் கூட வைத்துக்கொள்ளும் பிரிவை பெங்களூரு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் 2009இலேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் டென்னசி மாநிலம், போதைப்பொருள் எடுத்த கர்ப்பிணிகளைச் சிறைக்கு அனுப்ப 2014இல் சட்டம் போட்டு, 2016இல் அதைக் காலாவதியாக விட்டது. நம் 1985 போதைப்பொருள் சட்டத்திலோ, தானாக முன்வந்து சிகிச்சை பெறுபவருக்கு வழக்கிலிருந்து விலக்கு தரும் பிரிவே இருக்கிறது. அதை எந்தக் கர்ப்பிணியிடமும் யாராவது சொல்லியிருப்பார்களா என்பது சந்தேகம்.

புதிய முறை இங்கே சறுக்குகிற இடம் டிஸ்சார்ஜ். சுகப்பிரசவமென்றால் 48 மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்புகிறோம். ஹெராயின் விட்டுப்போகும் அறிகுறி பெரும்பாலும் அதற்குள் தலைகாட்டும். ஹெராயினுக்கு மாற்றாகச் சிகிச்சையில் தரும் புப்ரினார்பின், மெத்தடோன் என்றால் இன்னும் தாமதம். நான்கிலிருந்து ஏழு நாள் கவனிக்கச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம். தனியார் நர்சிங் ஹோமில் ஏழு நாள் பில்லை யார் கட்டுவது? ஆஸ்பத்திரிப் பிரசவத்துக்குப் பின் ஆஷா எனப்படும் சமூக சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வர வேண்டிய நாட்கள் 3, 7, 14, 21, 28, 42. முதல் இரண்டும் அறிகுறி எழும் நேரத்தோடு பொருந்துகின்றன. அந்த மூன்று கேள்விகளை அவர் கையில் கொடுக்கலாம், செலவே கிடையாது. சிக்கல், ஆஷா அதே தெருக்காரர் என்பதுதான். அவரிடம் சொன்னது சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கத் தெரிந்துவிடும் என்று ஒரு தாய் பயந்தால், அந்தப் பயம் பொய்யல்ல. ஆகவே என்ன எடுத்தாள் என்ற கேள்வியை ஐந்தாம் மாதச் செக்கப்பிலேயே, தனி அறையில், அவளுடைய மொழியில் டாக்டர் கேட்டு முடித்திருக்க வேண்டும். ஆஷாவுக்குப் பால், தூக்கம், அழுகை மட்டும் தெரிந்தால் போதும்.