டிங்கரின் சாபமும் யாப்பின் ஆசும்

ஒரு பொருள் சிறிதும் மதிப்பற்றது என்பதற்கு ஆங்கிலேயர், அது 'டிங்கரின் டாமுக்கும் பெறாது' என்பர். டிங்கர் என்பான் ஊரூராய்ச் சென்று ஓட்டைப் பாத்திரங்களை ஈயம் வைத்து அடைப்பவன். 'டாம்' என்னும் ஒலி அம்மொழியில் சாபச் சொல்லாகவும் அணையின் பெயராகவும் வழங்கும். உருகிய ஈயம் வழிந்தோடாதவாறு ஓட்டையைச் சுற்றி மாவினால் அணை கட்டுவான். வேலை முடிந்ததும் எறிந்துவிடுவான். பயனற்றுப்போன அம்மாவே வழக்குக்கு மூலம் என 1877இல் அமெரிக்கப் பொறியியல் அகராதியொன்று விளக்கிற்று. அழகிய விளக்கந்தான், ஆயினும் பொருந்தாது. 1824இலேயே ஸ்கொத்லாந்து நூலொன்றில் 'டிங்கரின் சாபம்' என்ற வழக்குக் காணப்படுகின்றது. சாபத்துக்கு அணை ஏது? ஓயாது வைபவனின் வசவுக்கு மதிப்பில்லை என்பதே கருத்தாதல் வேண்டும்.

அத்தொழிலாளன்மீது கொண்ட இகழ்ச்சி வினைச்சொல்லிலும் ஏறிற்று. தேர்ச்சியின்றி ஒன்றை நோண்டுவதே ஆங்கிலத்தில் 'டிங்கர்' செய்வது. கொழும்பிலோ சொல்லின் வாழ்வு வேறு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் டிங்கரிங் என்றால், நசுங்கிய காரின் உடலைத் தட்டி நிமிர்த்தும் தொழில். அதனை இகழ்வார் எவருமிலர்.

நம் யாப்பிலக்கணமும் இத்தொழிலை இகழவில்லை. இரு குறட்பாக்களை இணைத்து நேரிசை வெண்பா ஆக்குங்கால், முதற்குறளின் ஈறு தனிச்சொல்லோடு ஒட்டாவிடின், இடையே ஓர் அசையோ ஈரசையோ சேர்ப்பர். சேர்த்ததற்குப் பெயர் ஆசு. பாவுக்குப் பெயர் ஆசிடை நேரிசை வெண்பா. உலோகங்களைப் பொருத்தும் பற்றாசே இங்கு உவமை. ஆசு என்பதற்குக் குற்றம் என்ற பொருளும் உண்டு என்பது நோக்கற்பாலது. ஒட்டினை மறைக்காது அதற்குப் பெயரிட்டனர் நம்மவர்.

ஏட்டுச் சுவடிப் பதிப்பைப் பற்றிப் பேசுங்கால் 'பாடத்தில் கைவைத்தல்' என்ற ஒரே தொடரை எல்லார்க்கும் வழங்குகின்றோம். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றியபோது அவர் கையிலிருந்தவை சிதைந்த ஏடுகள். அவர் பதிப்புகளில் பிழைகள் உண்டு, பின்வந்தோர் திருத்தினர். ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரோ கம்பன் பாடல்கள் பலவற்றை இடைச்செருகலென ஒதுக்கினார். தம் செவிக்கு இசையாத சொற்களையும் மாற்றினார். சுவைஞராக அவரை விரும்பாதார் யார்? ஆயினும் முன்னவர் ஓட்டையைக் கண்டு ஈயத்தை எடுத்தார். பின்னவர் ஓட்டையில்லாப் பாத்திரத்தையும் தட்டிப் பார்த்து, ஓசை பிடிக்கவில்லை என்று சுத்தியலை எடுத்தார்.