மனோரமாவின் நடிப்பில் திசைச்சொல்

செய்யுள் இயற்றுதற்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நால்வகையாகப் பகுத்தவர் தொல்காப்பியர். ஒரு நிலப்பகுதியில் மட்டும் வழங்கும் சொல்லையும் அவர் செய்யுளுக்குப் புறம்பாக்கினாரல்லர் என்பது இப்பகுப்பால் விளங்கும். உரையாசிரியர்கள் செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலங்களை எண்ணுமிடத்துத் தென்பாண்டி நாட்டையும் குறித்து, ஆவினையும் எருமையையும் அந்நாட்டார் 'பெற்றம்' என வழங்கியதை எடுத்துக்காட்டுவர். இலக்கணம் இவ்வாறு மதித்த திசைவழக்கினை நம் காலத்துத் திரைப்படம் எவ்வாறு ஆண்டது என்பதனை நடிகை மனோரமாவின் கலைவாழ்வைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது ஒரு வகுப்பறை நிகழ்ச்சி. தென்காசி மாவட்டத்து ஆலங்குளத்திலிருந்து வந்து பயின்ற முதுகலை மாணவி ஒருவர், கட்டுரை படிக்கும்போது தம்மை அறியாமல் 'அவர்கள்' என்னுமிடத்தில் 'அவிய' என்று கூறிவிட்டார். வகுப்பு நகைத்தது. யாமும் நகைத்தோம் என்பதை மறைத்தற்கில்லை. எஞ்சிய பகுதியை அவர் தாளினின்று கண்ணெடுக்காமலே படித்து முடித்தார். பின்னர் வினவியபோது, "எங்க ஊர்ப் பேச்சு சினிமாவுல சிரிக்கிறதுக்குத்தானே வருது" என்றார். முந்திய நாள்தான் அதே வகுப்பில் திசைச்சொல் பற்றிய நூற்பாவை விளக்கியிருந்தோம்.

மாணவியின் கூற்று முற்றும் உண்மையா என்பதே நம்முன் உள்ள வினா. அதற்கு விடை காண மனோரமாவினும் தக்க சான்று வேறில்லை. மன்னார்குடியில் 1937இல் பிறந்து, செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் வளர்ந்து, நாடக மேடையில் பயின்று, கண்ணதாசனின் 'மாலையிட்ட மங்கை' (1958) வாயிலாகத் திரைக்கு வந்தவர் அவர். ஆயிரத்திற்கு மேற்பட்ட படங்களில் நடித்துக் கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றார், 'புதிய பாதை' (1989) படத்திற்காகத் தேசிய விருதும், 2002இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார், 2015இல் மறைந்தார். இவை பலரும் அறிந்தவை. நாம் கருதவேண்டுவது அவர் குரல் ஏற்ற வழக்குகளையே.

நகை பிறக்கும் நிலைக்களங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு என்பது மெய்ப்பாட்டியல் கூறும் முடிபு. திரைப்படத்தில் வட்டாரப் பேச்சு பெரும்பாலும் முதலாவதாகிய எள்ளலுக்கே பயன்பட்டது. தலைவனும் தலைவியும் பொதுத்தமிழ் பேசுவர். வேலைக்காரியும் நாட்டுப்புறத்தாரும் வழக்குமொழி பேசுவர். அவர்கள் வாய் திறந்ததும் அரங்கம் சிரிக்கும். மாணவி கண்டது இதனையே.

கே. பாலசந்தரின் 'அனுபவி ராஜா அனுபவி' (1967) படத்தில் நாகேஷுடன் தூத்துக்குடிப் பெண்ணாக மனோரமா வருகிறார். அவர்கள் பாடியாடும் முத்துக்குளிப்புப் பாடலில் வினை 'ஈக' என்னும் ஈறு பெற்று வருகின்றது. மேற்கே ஆலங்குளத்தார் செவிக்கு இது சற்றே அயலானது. அங்கே 'வாரீய', 'போறீய' என்பனவே இயல்பு. எனினும் அக்காட்சியில் எள்ளல் இல்லை. தம் கடலும் தம் தொழிலும் அறிந்த இருவரின் இளமைக் களிப்பே நகையாகின்றது. நிலைக்களம் மாறியதை நாம் காண்கிறோம்.

அடுத்த ஆண்டில் வந்தது 'தில்லானா மோகனாம்பாள்'. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடரை ஏ. பி. நாகராசன் படமாக்கினார். ஊர் ஊராகச் சென்று ஆடிப் பிழைக்கும் ஜில் ஜில் ரமாமணி நாகசுர இசையைக் கேட்டு மயங்கி, இவ்வொலி இந்த நாயனத்தில் மட்டுந்தான் எழுமோ, எல்லா நாயனத்திலும் எழுமோ என்று வினவுகிறாள். வினா பேதைமையின் பாற்பட்டது, ஆதலின் நகைக்கிறோம். ஆயின் சொற்களை இழுத்தும் தயங்கியும் மனோரமா கூறும் முறையில் மருட்கை தோன்றுகிறது. உயர்ந்த கலையைத் தாழ்த்தப்பட்ட கலைஞர் ஒருத்தி இனங்கண்டுகொள்ளும் கணம் அது. அவையில் இசையறிந்தார் பலர் இருந்தும், அவ்விசையின் அருமையை நமக்கு உணர்த்துவது அவள் பேச்சே எனலாம்.

மூன்றாவது சான்று விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' (1986). சென்னைத் தமிழ் பேசும் வேலைக்காரி கண்ணம்மா, வீட்டார் பேசித் தீர்க்க மாட்டாத சிக்கலில் துணிந்து நுழைந்து, தன் வாய்வன்மையால் சம்பந்தி வீட்டாரை வழிக்குக் கொண்டுவருகிறாள். பொதுத்தமிழ் பேசுவோர் அடங்கியிருக்க, வழக்குமொழி வெகுளியையும் பெருமிதத்தையும் ஏற்கிறது. அரங்கம் சிரித்தது உண்மை. சிரித்தது கண்ணம்மாவை எள்ளியன்று, அவள் வெற்றியில் பங்குகொண்டு.

ஈண்டு ஒரு தடை எழலாம். உரையாடலை எழுதியவர் வேறொருவர். நடிகைக்கு இதில் என்ன உரிமை என வினவுவர் சிலர். வழக்குமொழியை வரிவடிவம் முழுமையாகத் தாங்குவதில்லை. எடுத்தல், படுத்தல், நலிதல் என்னும் ஓசை வேறுபாடுகளும், தயக்கமும், மூச்சும் ஏட்டில் இல்லை. அவற்றைத் தருவது குரல். இவ்வழக்குகளுள் எதுவும் மனோரமா வளர்ந்த ஊரின் வழக்கன்று. பிறர் பேச்சைச் செவியாற் கற்று, அதனைப் பேசுவாரின் உள்ளத்தோடு சேர்த்து வெளிப்படுத்தினமையால் இது போலிசெய்தலின் வேறாயிற்று. போலிசெய்வோன் ஒலியை மட்டும் கொள்வான்.

குறைகளையும் கூறுதல் திறனாய்வின் கடன். ஆயிரம் படங்களிலும் இத்திறம் ஒருபடித்தாக இல்லை. பிற்காலத் தாய் வேடங்கள் பலவற்றில் அழுகை அளவிறந்து நீள்கிறது. வழக்குமொழி வெற்று ஆரவாரமாய் நின்ற படங்களும் உள. இவற்றிற்கு நடிகை மட்டுமே பொறுப்பாகார். ஒரே வார்ப்பை மீண்டும் மீண்டும் நாடிய தொழிலுக்கும் இதில் பங்குண்டு. 'கொஞ்சும் குமரி' (1963) படத்தில் கதைத்தலைவியாக நடித்தவருக்கு அவ்விடம் நிலைக்கவில்லை என்பதையும் இதனோடு எண்ணுதல் தகும்.

மனோரமா தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்தார். அவர்தம் பழைய படங்களும் தொலைக்காட்சி வழியே இல்லந்தோறும் புகுந்தன. ஆலங்குளம் வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்கள் மடியில் முறத்தை வைத்து வேலை செய்தவாறே அவற்றைக் கேட்பதை யாம் கண்டுள்ளோம். 'கேட்பது' என்று கூறியது கருதியே. கையும் கண்ணும் இலையிலும் தூளிலும் இருக்க, செவி மட்டுமே படத்தில் இருக்கும். ஒரு பெண் தலை நிமிராமலே, "அந்தா, ஆச்சி வந்துட்டாவ" என்றார். குரலால் மட்டுமே நின்ற நடிப்புக்கு இதனினும் சிறந்த சான்று யாம் அறியோம்.

ஆகவே மாணவியின் கூற்றை ஒரு திருத்தத்தோடு ஏற்கலாம். திரைப்படம் திசைவழக்கை நகைக்கே வைத்தது. அந்நகையை எள்ளலினின்று பிரித்து, மருட்கைக்கும் பெருமிதத்திற்கும் அதனுள் இடம் கண்டவர் மனோரமா. ஆயினும் செய்யுளில் தொல்காப்பியர் அளித்த சமநிலையை அவர் தனியொருவராகத் திரையில் பெற்றுத்தர இயலவில்லை. அதனை வகுப்பறையிலேனும் அளிக்கவேண்டிய கடன் நம்முடையது. நூற்பாவைப் பாராட்டி 'அவிய' என்பதற்கு நகைக்கும் ஆசிரியர், ரமாமணியைக் கண்டு சிரித்த அவையினும் குறைந்தவரே. அந்த அவை அவள் வினாவையேனும் செவிமடுத்தது.