மனித இயல்பு: டுர்கைமும் மார்க்ஸும்

ஆசிரிய கலாசாலையில் பயின்ற காலத்தில் ஓர் அட்டவணையை மனனம் செய்தோம். இடப்பக்கம் டுர்கைம்: மனிதன் கட்டுப்படுத்தப்பட வேண்டியவன். வலப்பக்கம் மார்க்ஸ்: மனிதன் விடுவிக்கப்பட வேண்டியவன். பரீட்சைக்கு அது போதுமாயிருந்தது. இருபது வருடங்கள் வகுப்பறையில் நின்ற பின் மூலநூல்களை (மொழிபெயர்ப்பில்தான்) வாசிக்கையில், அந்த அட்டவணை இருவருக்குமே அநீதி இழைத்திருப்பது தெரிகின்றது.

'தற்கொலை' (1897) நூலில் டுர்கைம் செய்வது வெறும் ஒழுக்கப் போதனையல்ல. விலங்கின் பசி உடலோடு அடங்கும். மனித ஆசைக்கு உடலில் எல்லை இல்லை. அவ்வெல்லையைச் சமூகமே இட வேண்டும் என்பது அவர் வாதம். பொருளாதாரம் சரியும்போது மட்டுமல்ல, 1870 இன் பின்னரான இத்தாலியில் போன்று அது செழிக்கும்போதும் தற்கொலை கூடியதைச் சான்றாக வைக்கிறார். இவ்விடம் பலமானது. ஆனால் வறுமை ஆசையை அடக்குவதால் தற்கொலையிலிருந்து காக்கிறது என்றும் அதே நூலில் எழுதுகிறார். பசியோடு காலைக்கூட்டத்தில் மயங்கி விழுந்த பிள்ளையைத் தூக்கியவனுக்கு இது தொண்டைக்குள் இறங்காது. எல்லையை யார், யாருக்கு இடுகிறார்கள்? பலவந்தமாகத் திணிக்கப்படும் தொழிற்பிரிவை 1893 இல் கண்டித்தவரும் அவரே. இங்கே அந்தக் கேள்வி பின்னுக்குப் போய்விட்டது.

1844 இல் பாரிஸில் இளம் மார்க்ஸ் எழுதிய கையெழுத்துப் பிரதிகள் அக்கேள்வியையே முன்னுக்குக் கொண்டு வருகின்றன. மனிதன் இயல்பிலேயே நல்லவன் என்று அவர் சொல்லவில்லை. அது ரூசோவுக்கு உரியது. உழைத்து ஆக்குவதே மனித இயல்பு; ஆக்கிய பொருளும் ஆக்கும் செயலும் பிறர் கைக்குப் போகையில் அவன் தன்னிடமிருந்தே அந்நியமாகிறான் என்கிறார். 1932 இல்தான் இவை முழுமையாக அச்சேறின. 1917 இல் இறந்த டுர்கைம் கண்டிருக்க முடியாது. கண்டிருந்தால், தேவைகள் நிறைவேறிய மனிதன் எங்கே நிறுத்துவான் என்று கேட்டிருப்பார். மார்க்ஸிடம் இதற்குத் தெளிவான விடை இல்லை என்பது என் அபிப்பிராயம்.

நம்மவர் சிலர் பிரம்புக்குச் சாட்சியாக டுர்கைமை அழைப்பதுண்டு. ஒழுக்கக் கல்வி பற்றிய அவரது விரிவுரைகள் (1925 இல் நூலாயின) உடற்தண்டனையைத் தெளிவாக நிராகரிக்கின்றன.

என் வகுப்பில், கதிரையில் பத்து நிமிடம் இராத பையன் ஒருவன், பாடசாலைத் தோட்டத்தில் பாத்தி கட்டிய அன்று மணியடித்தும் எழும்பவில்லை. மார்க்ஸின் பக்கம் ஒரு புள்ளி என்று நினைத்தேன். மறுநாள், பக்கத்துப் பாத்தியில் மற்றப் பிள்ளைகள் நட்டிருந்த கத்தரிக் கன்றுகளைப் பிடுங்கித் தன் பாத்தியில் நட்டிருந்தவனும் அவன்தான்.