பேச இயலாதோரின் பேச்சு: இஷிமுரே மிச்சிகோவின் மினமாட்டா நூல்

ஜப்பானிய எழுத்தாளர் இஷிமுரே மிச்சிகோ (1927–2018) எழுதி 1969ஆம் ஆண்டு வெளிவந்த ‘குகாய் ஜோடோ’ என்னும் நூலை வகுப்பில் எடுத்துப் பேசும்போதெல்லாம் மாணவரிடமிருந்து ஒரே வினா எழுகின்றது. அதில் நோயாளிகள் பேசும் பேச்சு மெய்யாகவே அவர்கள் பேசியதா? இவ்வினாவை ஒதுக்கிவிட்டு நூலைப் போற்றுவது எளிது. ஆயின் பிறர் துன்பத்தைப் பிரசங்க பீடத்தில் நின்று எடுத்துரைக்கும் நமக்கு அது தகாது.

நூற்பெயரைத் ‘துன்பக் கடல், தூய நாடு’ எனத் தமிழாக்கலாம். தூய நாடு என்பது அமிதா புத்தரின் அருளால் அடியார் சென்று பிறக்கும் பேரின்ப உலகு. நஞ்சூட்டப்பட்ட ஒரு வளைகுடாவுக்கு அப்பெயரைச் சூட்டியதிலுள்ள கசப்பை, ‘பரலோகம்’ என்னும் சொல்லை நாள்தோறும் கையாளும் நாம் நின்று உணர வேண்டும்.

கியூஷூ தீவிலுள்ள மினமாட்டா நகரில் சிஸ்ஸோ நிறுவனத்தின் இரசாயன ஆலை, 1932 முதல் 1968 வரை அசிட்டால்டிஹைடு உற்பத்திக்குப் பாதரசத்தைப் பயன்படுத்திக் கழிவுநீரைக் கடலில் விட்டது. கழிவிலிருந்த மெதில் பாதரசம் மீனிலும் சிப்பியிலும் சேர்ந்து, அவற்றை உண்டோரின் நரம்பு மண்டலத்தைச் சிதைத்தது. கைகால் நடுங்கின, பார்வை குறுகிற்று, நாக் குழறிற்று. கருவிலேயே நஞ்சேறிய குழந்தைகளும் பிறந்தன. அந்நோய் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது 1956 மே 1 அன்று.

இதனை விபத்து என்பாருளர். அறியாமல் நேர்வதே விபத்து. 1958இல் கழிவுநீரின் போக்கைத் துறைமுகத்திலிருந்து ஆற்றின் முகத்துவாரத்துக்கு நிறுவனம் மாற்றிற்று; நோயும் புதிய கரைகளுக்குப் பரவிற்று. 1959 அக்டோபரில், ஆலை மருத்துவமனையின் தலைவர் ஹோசோகாவா ஹாஜிமே ஆலைக் கழிவைக் கலந்து உணவூட்டிய 400ஆம் எண் பூனைக்கு அதே நோய் கண்டது. நிர்வாகம் அம்முடிவை வெளியிடாது மறைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 30 அன்று நோயாளிகளோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. இறந்தவருக்கு 3,00,000 யென். நோயுற்ற குழந்தைக்கு ஆண்டுக்கு 30,000 யென். ஆலைக் கழிவே நோய்க்குக் காரணம் என்று பின்னர்த் தெரியவந்தாலும் மேற்கொண்டு இழப்பீடு கேட்பதில்லை என்று அதில் ஒரு பிரிவு! தொகைக்கு இட்ட பெயர் இழப்பீடன்று, அனுதாபத் தொகை. ஒரு சோடு பாதரட்சைக்கு எளியவனை விற்றோரைக் கண்டித்த ஆமோஸ் இவ்வொப்பந்தத்தைப் படித்திருந்தால் உவமை தேடி அலைந்திருக்கமாட்டார். 1973 மார்ச்சில் குமமோட்டோ நீதிமன்றம் அது செல்லாதெனத் தீர்த்தது.

இனி மாணவரின் வினாவுக்கு வருவோம். நோயாளிகளின் தனிமொழிகள் ஒலிப்பதிவிலிருந்து எழுதப்பட்டவை அல்ல. அவர்கள் மனத்துள் சொல்லிக்கொண்டிருந்ததைத் தாம் சொல்லாக்கியதாக ஆசிரியரே சொன்னதை, அவருடைய நெடுநாள் நண்பரான திறனாய்வாளர் வாட்டனாபே கியோஜி பதிவுசெய்துள்ளார். அப்படியானால் இது பொய்ச்சாட்சியா? ஒப்பந்தத்தை எண்ணிப் பாருங்கள். அதில் ஒவ்வோர் எழுத்தும் நோயாளிகள் ஒப்பியது, முழுவதும் வஞ்சனை. யோபுவின் உரைகளை யாரோ அருகிருந்து குறித்துக்கொண்டார் என்று நாமும் மாணவருக்குக் கற்பிப்பதில்லை.

நூலின் வலிமை அதன் அமைப்பிலுள்ளது. மருத்துவ அறிக்கை வறண்ட நடையில் ஒரு நோயாளியை விவரிக்கும். அடுத்து, மீனவப் பெண் ஒருத்தி தன் ஊர்ப்பேச்சில் கணவனோடு படகோட்டிய நாள்களை நினைப்பாள். ஒரே துன்பம் இரு மொழிகளில் வருகிறது. எது தீர்ப்பளிக்கிறது என்று ஆசிரியர் சொல்வதில்லை. லிவியா மோனே ஆங்கிலத்தில் பெயர்த்ததைப் படித்தவன் நான். வட்டார வழக்கின் சுவையில் பெரும்பங்கு எனக்குக் கிட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

குறையும் உண்டு. ஆலைக்கு முந்திய கடலை ஏறத்தாழ ஏதேன் தோட்டமாகவே தீட்டுகிறார். மீனவரின் வறுமை அவ்வொளியில் மங்கிவிடுகிறது. ஆலையை நம்பிப் பிழைத்த நகரமக்கள் நோயாளிகளை வெறுத்ததைக் காட்டுகிறார். ஆயினும் அவ்வெறுப்புக்குள் இருந்த அச்சத்தினுள் அவர் போதிய அளவு புகவில்லை. ஆலைத் தொழிற்சங்கம் ஒன்று, நோயாளிகளுக்காக இதுவரை போராடாததற்கு வெட்கப்படுவதாக 1968 ஆகஸ்டில் தீர்மானம் நிறைவேற்றியது. பாவ அறிக்கையைப் பற்றி நாம் எழுதும் கட்டுரைகள் பலவற்றினும் அத்தீர்மானம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பிறருக்காகப் பேசுவதில் ஓர் எல்லையும் உண்டு. யூஜின் ஸ்மித் 1971இல் எடுத்த ஒரு புகைப்படம்: தாய் ஒருத்தி, நோயுற்ற மகளை ஏந்திக் குளிப்பாட்டுகிறாள். மரியாளின் மடியில் கிடத்தப்பட்ட கிறிஸ்துவின் சிற்பத்தோடு அதனை ஒப்பிட்டவர் பலர். பெரிய வெள்ளி ஆராதனையில் அதைப் பயன்படுத்தியவருள் நானும் ஒருவன். 1998இல், பெற்றோரின் விருப்பத்துக்கிணங்க, அப்படத்தை மேலும் வெளியிடுவதில்லை எனப் பதிப்புரிமையாளர் முடிவுசெய்தார். மகள் போதிய காலம் உழைத்துவிட்டாள், இளைப்பாறட்டும் என்பது தந்தையின் எண்ணமாம். இதை அறிந்தபின் என் பழைய பிரசங்கக் குறிப்பைப் படிக்கக் கூசினேன்.

இஷிமுரே நோயாளிகளை விட்டு அகலவில்லை. 1970 நவம்பரில் அவர்கள் நிறுவனத்தின் பங்குகளை வாங்கி, வெள்ளை யாத்திரிக உடையணிந்து, ஒசாகாவில் நடந்த பங்குதாரர் கூட்டத்துக்குள் புத்த பக்திப் பாடல்களைப் பாடியவாறு நுழைந்தபோது அவரும் உடனிருந்தார். அதே ஆண்டு இந்நூலுக்கு ஓயா சோயிச்சி பரிசு அளிக்கப்பட்டது. அவர் அதனைப் பெற்றுக்கொள்ளவில்லை.