கதை தெரிந்த படங்கள்

"உங்களுக்குப் பிடித்த சினிமாவைப் பற்றி எழுதுங்கள் சார்" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு நம்மில் பலரிடம் இரண்டு பதில் இருக்கும். ஒன்று சபையில் சொல்வது. மற்றது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, யாரும் பார்க்காதபோது நாமே தேடிப் போட்டுப் பார்ப்பது. சபையில் கேட்டால் நான் தயங்காமல் மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) என்பேன். தமிழில் வந்த படங்களிலேயே மிகச் சிறந்த ஒன்று அது என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து ஒரு பொறியை எடுத்துக்கொண்டு, சுந்தரவடிவேலு என்ற ஒரு கொடுமைக்காரனை, குரலை உயர்த்தாமலே நம் முன் நடமாட விட்டார். அந்த ஆற்றங்கரை முடிவைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் இத்தனை வருஷத்தில் அதை நான் பார்த்தது இரண்டே இரண்டு தடவை. 'தில்லானா மோகனாம்பாள்' எத்தனை தடவை என்று கேட்டால் கணக்கு இல்லை.

"கதைதான் தெரியுமே, மறுபடி மறுபடி அதுல என்னதான் இருக்கு?" என்று என் மனைவி கேட்பாள். (அவள் தினமும் மாலையில் பார்க்கும் தொடர்களில் ஒரே கதை பத்து வருஷமாக ஓடுகிறது என்பதை இங்கே நான் சொல்லவில்லை.) கேள்வி நியாயமானதுதான். சில படங்கள் நம்மைக் கதையின் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போகின்றன. முடிச்சு அவிழ்ந்ததும் கயிறும் அறுந்துவிடும். விதிவிலக்கு உண்டு. எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954), பாட்டே இல்லாத அந்தக் கொலைக்கதை, கொன்றது யார் என்று தெரிந்த பிறகும் நிற்கிறது. ஒவ்வொருவரும் நடந்ததைத் தத்தம் பாணியில் சொல்லும் அழகு அதில் இருக்கிறது. ஆனால் பொதுவாக, மறுபடி பார்க்க வைப்பது கதை அல்ல. அந்த மனிதர்களோடு ஒரு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம் என்று தோன்ற வேண்டும். அவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும் என்று காது கேட்க வேண்டும். வெளியூரில் இருக்கும் நமக்கு இந்த இரண்டாவது காரணம் இன்னும் பலமானது என்பது என் எண்ணம்.

'தில்லானா'வை எடுத்துக்கொள்வோம். கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் 1950களில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை. கோபுலு சித்திரம் வரைந்தார். ஏ.பி. நாகராஜன் 1968இல் படமாக்கினார். எனக்குச் சொந்த ஊர் மாயவரம் பக்கம். கோயில் திருவிழா என்றால் நாயனக்காரர்களுக்குப் பக்கத்தில் நின்று வாய் பார்த்து வளர்ந்தவன். ஆகவே முதல் சில தடவைகள் நான் பார்த்தது சிவாஜியைத்தான். வாசித்தது மதுரை சகோதரர்கள் எம்.பி.என். சேதுராமனும் பொன்னுசாமியும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், அந்தக் கன்னம் உப்புவதையும், விரல் ஓடுவதையும், வாசித்து முடித்தவுடன் முகத்தில் வரும் அந்த 'எப்படி?' என்ற கர்வத்தையும் பார்க்கும்போது வாத்தியம் அவர் கையில்தான் இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம்.

நாலைந்து தடவைக்குப் பிறகு கண் நகர்ந்தது. நாயகனை விட்டுவிட்டுச் சுற்றி இருப்பவர்களைப் பார்க்க ஆரம்பித்தேன். ரயில் பெட்டியில் ஷண்முகசுந்தரமும் மோகனாவும் கண்ணால் பேசிக்கொள்ளும் காட்சியில், அவர்கள் இருவரையும் விட்டுவிட்டு மற்றவர்களைக் கவனியுங்கள். தவில் வித்வான் முத்துராக்காக வரும் டி.எஸ். பாலையாவுக்கு அங்கே பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த மனிதர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு மேள செட்டில் மூத்த தவில்காரர் எப்படி இருப்பார், நாயனக்காரனிடம் எவ்வளவு உரிமை எடுத்துக்கொள்வார், எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வார் என்பதெல்லாம் அவர் தோளிலும் கழுத்திலும் இருக்கிறது. சவடால் வைத்தியாக வரும் நாகேஷை ஒரு தடவை தனியாகப் பார்க்க வேண்டும். பணக்காரன் எதிரில் முதுகு எவ்வளவு வளைகிறது, மோகனாவின் அம்மா வடிவாம்பாள் எதிரில் எவ்வளவு நிமிர்கிறது என்று. ஜில் ஜில் ரமாமணிக்கு இன்னொரு தடவை. மனோரமா அந்த வேஷத்தில் பேசும் தமிழ் ஊர் ஊராகக் கொட்டகை போட்டு ஆடிய பெண்ணின் தமிழ். படத்தில் இருக்கும் பெண்களில் ஷண்முகசுந்தரத்தின் வித்தைக்கு மட்டும் மயங்கி, வேறு எதையும் எதிர்பார்க்காமல் நிற்பவள் அவள்.

என் பெண் இந்தப் படத்தை என்னோடு சிறு வயதிலிருந்து பார்த்தவள். கல்லூரிக்குப் போன பிறகு ஒரு நாள் பாதியில் கேட்டாள்: "அப்பா, இவருக்கு இவ்வளவு சந்தேகம் இருக்கே, மோகனா கல்யாணம் பண்ணிண்டு எப்படி இவரோட குடித்தனம் நடத்துவா?" கேள்வியை நான் தட்டிக்கழிக்கவில்லை. ஷண்முகசுந்தரம் கலைஞன் என்ற முறையில் எவ்வளவு உயரமோ, ஆண்பிள்ளை என்ற முறையில் அவ்வளவு சிடுசிடுப்பு. பணக்காரன் ஒருவன் மோகனா பக்கம் திரும்பினால் போதும், இவருக்கு மூக்கு சிவந்துவிடும். ஆனால் படம் இதை மறைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மைனர்களும் மகாராஜாக்களும் சபை வைத்தால்தான் சோறு என்று இருந்த காலத்தில், ஆடுகிற பெண்ணின் மானம் யார் யார் கையில் இருந்தது என்பதை வைத்தியும் வடிவாம்பாளும் நமக்குக் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். இருபது வயதில் நான் நாயகன் கட்சி. அறுபதில் மோகனா கட்சி. படம் இரண்டு கட்சிக்கும் இடம் வைத்திருக்கிறது. 'உதிரிப்பூக்க'ளில் எனக்கு அந்த மாதிரி இடம் மாற்றி உட்கார வசதி இல்லை. அங்கே ஒரே நாற்காலிதான், அதில் உட்கார்ந்தால் நெஞ்சு கனக்கிறது.

அடுத்தது 'மைக்கேல் மதன காமராஜன்' (1990). சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், கிரேஸி மோகன் வசனம். கமல்ஹாசனுக்கு நான்கு வேஷம் என்பதை எல்லோரும் பேசிவிட்டார்கள். நான் பேச வேண்டியது நான்கு தமிழைப் பற்றி. மைக்கேலின் கரகரப்பு, வெளிநாட்டிலிருந்து வந்த மதனின் நறுக்கு, தீயணைப்புப் படை ராஜுவின் மெட்ராஸ் பேச்சு, சமையல்காரர் காமேஸ்வரனின் பாலக்காட்டுத் தமிழ். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யார் பேசுகிறார் என்று சொல்லிவிடலாம். நமது டில்லி வீடுகளில் பிள்ளைகள் கேட்பது ஒரே ஒரு தமிழ்; அவரவர் அப்பா அம்மா கொண்டுவந்த தமிழ். கும்பகோணத்துக் குழந்தைக்குத் திருநெல்வேலி தெரியாது, மதுரைக் குழந்தைக்குப் பாலக்காடு தெரியாது. தெருவில் இறங்கினால் இந்தி. ஆகவே கல்யாணச் சாம்பாரில் மீன் விழுந்து சமையல் கோஷ்டி தவிக்கும் அந்தக் காட்சி என் பெண்ணுக்குச் சிரிப்புக் காட்சி மட்டுமாக இருக்கவில்லை. இப்படியும் ஒரு தமிழ் உண்டு என்று அவள் தெரிந்துகொண்டது அங்கேதான்.

அந்தக் கோஷ்டியில் பாலக்காடு மணி ஐயராக வருகிறவர் டில்லி கணேஷ். விமானப் படையில் வேலை பார்த்து, இந்த ஊர் தட்சிண பாரத நாடக சபையில் நடித்து, பிறகு பாலசந்தரின் 'பட்டினப் பிரவேசம்' (1977) மூலம் சினிமாவுக்குப் போனவர். நம் ஊரின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டு ஒருவர் கடைசி வரை நடித்தார் என்பதில் டில்லித் தமிழர்களுக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. சொந்த ஊர் நெல்லைச் சீமை, பேர் டில்லி, பேசியது பாலக்காடு! 2024 நவம்பரில் அவர் மறைந்த செய்தி வந்த அன்று இரவு எங்கள் வீட்டில் இந்தப் படம்தான் ஓடியது. வசனம் எழுதிய மோகன் 2019இலேயே போய்விட்டார். சிரித்துக்கொண்டேதான் பார்த்தோம்.

என் பெண்ணின் படம் வேறு. அவள் 'அன்பே சிவம்' கட்சி. 2003 பொங்கலுக்கு வந்தபோது ஓடாத படம். பிறகு டெலிவிஷனில் திரும்பத் திரும்பப் போட்டு, ஜனங்கள் மெதுவாகத் தங்கள் படமாக ஆக்கிக்கொண்டார்கள். முதலில் எனக்கு அதில் பிரசங்கம் கொஞ்சம் கூடுதல் என்று பட்டது. இப்போதும் சில இடங்களில் அப்படித்தான் படுகிறது. ஆனால் புவனேஸ்வர் விமான நிலையத்தில் மழையில் மாட்டிக்கொண்ட இரண்டு தமிழர்கள் என்ற அந்த ஆரம்பம் வெளியூர்க்காரனுக்கு என்று எழுதியது மாதிரி இருக்கிறது. அன்பரசு தன் பெயரை 'அ. அரஸ்' என்று வெட்டிக்கொண்டு திரிகிறான். நல்லசிவம் விடாமல் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். இந்தி பேசும் ஆபீசில் தன் பெயரின் வாலையும் தலையையும் நறுக்கிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் நம் பையன்கள் எத்தனை பேர்! இன்னொன்று. படத்தில் நல்லசிவம் சுனாமி என்றால் என்ன என்று விளக்குவார். 2003இல் அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அந்த இடம் வந்தால் அறையில் யாரும் பேசுவதில்லை. படம் மாறவில்லை, பார்க்கிறவர்களுக்கு நடந்தது மாறிவிட்டது.

'காதலிக்க நேரமில்லை'யைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஸ்ரீதர் 1964இல் எடுத்தார். அவரே 1966இல் இந்தியில் 'ப்யார் கியே ஜா' என்று மறுபடி எடுத்தார். எங்கள் மாடி வீட்டுப் பஞ்சாபிக்காரர் அதன் பரம ரசிகர். செல்லப்பா தன் அப்பா விஸ்வநாதனுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி இருக்கிறதே, நாகேஷும் பாலையாவும் செய்ததை அங்கே மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் செய்தார்கள். "எங்கள் மெஹ்மூத் மாதிரி வருமா?" என்பார் அவர். விட்டுக்கொடுக்க மனமில்லாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், மெஹ்மூத் அந்தக் காட்சியில் அபாரம். வாயாலேயே செய்யும் ஓசை, பயந்து நடுங்கும் முகம், இதற்கெல்லாம் பாஷை தேவையில்லை. எல்லை தாண்டிப் போய்விடும்.

போகாத ஒன்று உண்டு. அசோக் பெரிய பணக்காரரின் பிள்ளை என்று நம்பியதும் பாலையா குழைவாரே, அந்த இடம். மரியாதை பொங்கி வழிந்து, பையனின் பெயருக்கு 'ர்' போட்டு, அதுவும் போதாமல் 'மகன்' என்ற சொல்லுக்கும் 'ர்' போட்டு 'மகர்' ஆக்கிவிடுவார். பணத்தின் மேல் இருக்கும் பக்தி முழுவதும் அந்த ஒற்றை விகுதியில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. இந்தியில் 'ஜி' போடலாம், 'ஆப்' போடலாம்; அன் விகுதியை அர் ஆக்கும் வேடிக்கைக்கு என்ன செய்வது? மாடி வீட்டுக்காரருக்கு அரை மணி நேரம் விளக்கினேன். தலையை ஆட்டினார். சிரிக்கவில்லை.

குருகிராமில் இருக்கும் என் பேரனுக்கு ஒன்பது வயது. தமிழ் புரியும், பதில் பாதி இந்தியில் வரும். "டிரைவர் அங்கிள் வந்தான், தாத்தா" என்பான். பேய்க்கதைக் காட்சி அவனுக்கு மனப்பாடம். யூடியூபில் அதை மட்டும் துண்டாகப் பார்த்திருக்கிறான். துண்டுகளின் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பணத்துக்காக அப்பாவைச் சுற்றிச் சுற்றி வரும் செல்லப்பாவையும், காசு விஷயத்தில் பிடிவாதமான விஸ்வநாதனையும் முன்பே தெரிந்துகொண்டு அந்த இடத்துக்கு வந்தால் கிடைக்கும் சிரிப்பு வேறு. துண்டில் கிடைப்பது முக சேஷ்டை மட்டும். நம் சங்கத்து விழாக்களிலும் இப்போது பெரிய திரையில் நகைச்சுவைத் துண்டுகளைக் கோத்துப் போடுகிறார்கள். சாப்பாட்டுக்கு முன் கூட்டத்தை உட்கார வைக்க அது உதவலாம். மாதம் ஒரு ஞாயிறு, பழைய படம் ஒன்றை முழுசாகப் போட்டால் என்ன என்று செயற்குழுவுக்கு இந்த மலர் மூலம் விண்ணப்பம் வைக்கிறேன். பத்துப் பேர் வந்தால் போதும்.

போன கோடை விடுமுறையில் பேரனை இரண்டரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்து முழுப் படத்தையும் பார்க்கச் செய்தேன். பேய்க்கதை வந்தபோது முன்பைவிட அதிகம் சிரித்தான். 'மகர்' வந்தபோது முழித்தான். நிறுத்தி, அவன், அவர் என்று சொல்லிக் கொடுத்து, மறுபடி ஓட்டினேன். விளக்கினால் ஜோக் செத்துப்போகும் என்பார்கள். இரண்டாவது தடவை பாலையா வாயைத் திறக்கும் முன்பே சிரித்துவிட்டான். அன்று சாயங்காலத்திலிருந்து பக்கத்து வீட்டுப் பூனை எங்கள் வீட்டில் 'பூனையர்' ஆகிவிட்டது. டிரைவர் அங்கிளும் 'வந்தார்'.

அடுத்த வாரத்துக்கு 'தில்லானா மோகனாம்பாள்' என்று சொல்லியிருந்தேன். "எத்தனை நேரம் தாத்தா?" என்றான். ஏறக்குறைய மூன்று மணி என்றதும் முகம் சுருங்கியது. பேரம் பேசி, பாதி காலையில், பாதி சாயங்காலம் டிபனுக்குப் பிறகு என்று முடிவு செய்தோம்.