'முழுமையான கருத்து' என்னும் அரைகுறை விதி

எட்டாவது படிக்கும் என் மகளுக்கு ஆங்கில இலக்கணத் தேர்வில் ஒரு மார்க் போய்விட்டது. 'ஹீ டிட் தட்' என்பது இண்டிபென்டன்ட் கிளாஸா, டிபென்டன்ட் கிளாஸா என்பது கேள்வி. டிபென்டன்ட் என்று எழுதியிருந்தாள். "யாரு, என்ன செஞ்சான்னே தெரியலையேப்பா, அது எப்படி முழுசாகும்?" என்றாள்.

விடை தப்புதான். ஆனால் அவள் புத்தகத்தில் இருந்த விதியைத்தான் பின்பற்றியிருக்கிறாள்: 'முழுமையான கருத்தைத் தந்தால் இண்டிபென்டன்ட், தராவிட்டால் டிபென்டன்ட்.' பல கையேடுகளில் இப்படித்தான் இருக்கிறது. தப்பு விதியில் இருக்கிறது.

'ஐ திங்க் தட் ஹீ லெஃப்ட்' என்பதை எடுத்துக்கொள்வோம். இதில் டிபென்டன்ட் பகுதி 'தட் ஹீ லெஃப்ட்'. யார், என்ன செய்தான் என்ற செய்தி முழுக்க அதில்தான் இருக்கிறது. அதை வெட்டினால் மிஞ்சும் 'ஐ திங்க்'தான் அந்தரத்தில் தொங்குகிறது. கருத்தை வைத்துப் பார்த்தால் தீர்ப்பு தலைகீழாகிவிடும். ஏனென்றால் இது பொருள் சம்பந்தப்பட்டதல்ல, அமைப்பு சம்பந்தப்பட்டது.

தமிழில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. 'மழை பெய்தது' முற்று. 'மழை பெய்ததால்' என்றதும் வினையின் முடிவே மாறி, இன்னும் வரவேண்டியது இருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் 'இட் ரெய்ண்ட்' அப்படியே இருக்கும், முன்னால் 'பிகாஸ்' மட்டும் சேரும். கடைசியில் அடையாளம் தேடிப் பழகிய நம் பிள்ளைகள் அதைத் தவறவிடுவது இயல்புதானே?

சரி, முன்னால் வரும் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யலாமா? அதுவும் போதாது. 'ஆஃப்டர் வி ஏட்' ஒரு கிளாஸ். 'ஆஃப்டர் லஞ்ச்' கிளாஸே இல்லை, அதில் வினை கிடையாது. 2002இல் வந்த கேம்பிரிட்ஜ் இலக்கணத்தில் ஹடில்ஸ்டனும் புல்லமும் இரண்டு இடத்திலும் 'ஆஃப்டர்' ஒரே வகைச் சொல்தான், ப்ரெபொசிஷன்தான் என்கிறார்கள்.

நான் மகளுக்குச் சொன்ன சோதனை இது: முதலில் எழுவாயும் காலம் காட்டும் வினையும் இருக்கிறதா பார். இருந்தால், ஆமாம்-இல்லை கேள்வியாக மாற்று. 'டிட் ஹீ டூ தட்?' வருகிறது, அதனால் இண்டிபென்டன்ட். 'பிகாஸ் டிட் இட் ரெய்ன்?' வராது, அதனால் டிபென்டன்ட். கட்டளை வாக்கியத்துக்கும், ஏற்கெனவே கேள்வியாக இருப்பதற்கும் இது பொருந்தாது. மற்றபடி பள்ளிக்கூட உதாரணங்களுக்குத் தாங்கும்.

வீட்டில் ஆங்கிலம் புழங்கும் பிள்ளை காதாலேயே விடை கண்டுபிடித்துவிட்டு, விதியால் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்ளும். விதி உண்மையில் தேவைப்படுவது அந்தக் காது இல்லாத பிள்ளைக்கு. அந்தப் பிள்ளையைத்தான் இது கைவிடுகிறது.